முழு செயின் கவரா, அரைக் கவரா?

பழைய கறுப்பு சைக்கிள் ஒன்றைச் சரிசெய்து ஓட்டலாம் என்று கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் முதலில் சொன்னது இதுதான்: "இந்தக் கவரைக் கழட்டிருங்க சார். செயின் கழண்டா உங்களால மாட்ட முடியாது." செயினை முழுக்க மூடியிருக்கும் தகரப் பெட்டியைத்தான் சொன்னார். அதற்குப் பதிலாக, மேல்பக்கத்தை மட்டும் மறைக்கும் அரைக் கவரை எடுத்துக் காட்டினார். கொஞ்சம் யோசித்துவிட்டு முழுக் கவரையே வைத்துக்கொண்டேன். வீட்டில் இன்னொரு சைக்கிள் அரைக் கவரோடு ஓடுகிறது. இரண்டிலும் கை வைத்த பழக்கத்தில் எழுதுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். வேட்டி, சேலை, தொளதொள பேன்ட் எதுவானாலும் முழுக் கவரில் கவலையில்லை. அரைக் கவரில் கொஞ்சம் கவனம் வேண்டும். எடையும் விலையும் அரைக் கவரில் குறைவு. பின்னால் அடுக்குப் பல்சக்கரம் வைத்த கியர் சைக்கிளுக்கு முழுக் கவர் பொருந்தாது என்பதால் அங்கே இந்தக் கேள்வியே எழாது. கவரே இல்லாமல் ஓட்டுகிறவர்களும் உண்டு. வலது கால் பேன்டில் கறுப்பு எண்ணெய்க் கோடு விழுந்தால் பரவாயில்லை என்பவர்களுக்கு அதுவும் சரிதான்.

இனி கடைக்காரர் சொன்ன விஷயத்துக்கு வருவோம். செயின் கழன்றால் என்ன செய்வது?

அரைக் கவர் வண்டியில் இது ஒரு வேலையே இல்லை. பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, முன் பல்சக்கரத்தின் மேல்பற்களில் செயினை மாட்டி, பெடலை மெல்ல முன்பக்கம் சுற்றினால் ஏறிவிடும். பின்னால் பிரீவீலில், அதாவது பின்சக்கரத்தின் சின்னப் பல்சக்கரத்தில், கழன்றிருந்தால் அதன் அடிப்பக்கப் பற்களில் மாட்டிச் சுற்ற வேண்டும், ஏனென்றால் செயின் அங்கே கீழிருந்துதான் நுழைகிறது. விரலில் கரி ஒட்டும், அவ்வளவுதான்.

முழுக் கவரில் கதை வேறு. என் வண்டியில் கவரின் பின்முனை தனித் துண்டு, சின்ன ஸ்க்ரூவில் நிற்கிறது. பெடல் மாட்டியிருக்கும் கிராங்க் பக்கம் ஒரு வட்ட மூடி. முதலில் இரண்டையும் கழற்றி, செயின் எங்கே விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் முன்னால்தான் விழுந்திருக்கும். பல்சக்கரத்துக்கும் தகரத்துக்கும் நடுவே சிக்கியிருந்தால் பெடலை அழுத்தி மிதிக்கக் கூடாது, தகரம்தான் நெளியும். பின் அச்சின் இரண்டு நட்டுகளையும் தளர்த்திச் சக்கரத்தை முன்னால் தள்ளினால் செயினுக்குத் தொய்வு கிடைக்கும். பழைய ஸ்போக்ஸ் கம்பி ஒன்றின் நுனியைக் கொக்கியாக வளைத்து வைத்திருக்கிறேன். அதை வட்டத் துவாரத்துக்குள் விட்டுச் செயினைத் தேடி, மேல்பல்லில் தூக்கி வைத்து, இன்னொரு கையால் பெடலைச் சுற்றுவேன். உள்ளே கடகடவென்று ஒரு சத்தம் வந்து, பிறகு சீராக ஓடத் தொடங்கும்.

வேலை இன்னும் முடியவில்லை. சக்கரத்தைப் பின்னால் இழுத்து, இரண்டு பக்கச் சட்டத்துக்கும் நடுவில் நிறுத்தி, நட்டுகளை முறுக்க வேண்டும். செயினின் நடுப்பகுதி மேலும் கீழுமாக அரை அங்குலம் ஆடினால் போதும். பெடலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, செயின் எங்கே அதிகம் இறுகுகிறதோ அங்கே பார்க்க வேண்டும். பல்சக்கரம் எப்போதும் கச்சிதமான வட்டமாக இருப்பதில்லை. எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரமாவது பிடிக்கும், ஸ்பானரும் வேண்டும். மழையில், சாலையோரத்தில் இதைச் செய்வது கொடுமை. ஆக, மாட்டுகிற வேலையை மட்டும் பார்த்தால் அரைக் கவருக்குத்தான் வெற்றி.

ஆனால் செயின் ஏன் கழல்கிறது? ஒற்றைப் பல்சக்கர வண்டியில் செயின் நேர்க்கோட்டில் இருந்து, இறுக்கமும் சரியாக இருந்தால் லேசில் கழலாது. தொய்ந்தால்தான் கழலும். தொய்வு வருவது தேய்மானத்தால். ஒவ்வொரு கண்ணியையும் கோக்கும் சின்ன இரும்பு 'பின்' (pin) மணலோடு சேர்ந்து அரைபட்டு இளைக்கிறது, செயின் நீள்கிறது. முன்சக்கரம் வாரி அடிக்கும் சேறு நேராகப் போய் விழும் இடம் செயினின் கீழ்ப்பாதி. அரைக் கவர் மூடாத பகுதியும் அதேதான்! எண்ணெய் விட்டால் புழுதி ஒட்டிக்கொள்கிறது, விடாவிட்டால் துரு. முழுக் கவருக்குள் இந்த இரண்டு தொல்லையும் குறைவு. விட்ட எண்ணெய் நெடுநாள் சுத்தமாக நிற்கிறது. இங்கிலாந்தில் வுல்வர்ஹாம்ப்டனில் ஜான் மார்ஸ்டன் செய்த சன்பீம் சைக்கிள்கள் பெயர் வாங்கியதற்கு ஒரு பெரிய காரணம், செயினை எண்ணெயோடு மூடி வைத்த அந்தப் பெட்டிதான்.

இதை ஸ்கேல் வைத்தே பார்க்கலாம். சாதாரண சைக்கிள் செயினில் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு அரை அங்குலம். இருபத்துநான்கு கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். 12⅛ ஆகிவிட்டால் செயினை மாற்றும் நேரம். என் இரண்டு வண்டிகளில் அரைக் கவர் வண்டிதான் இந்த எல்லையை முதலில் தொட்டது. அதை ஓட்டுகிறவர் என்னைவிட அதிகம் ஓட்டுகிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முழுக் கவர் முன்கூட்டியே எச்சரிக்கவும் செய்கிறது. செயின் தொய்யத் தொடங்கியதுமே தகரத்தில் 'டக் டக்' என்று தட்டும். அப்போதே சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்துவிட்டால் கழலும் கட்டம் வராது. ஆகவே அந்தக் கால் மணி நேர வேலையை அபூர்வமாகத்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. ரயில் நிலைய ஸ்டாண்டில் பக்கத்து வண்டி சாய்ந்தால் தகரம் ஒடுங்கி, மிதிக்கும்போதெல்லாம் கரகரவென்று உரசும். ஸ்க்ரூ துருப்பிடித்தால் பின்முனையைத் திறக்கவே முடியாது. கடலோர ஊரில் நான் ஓட்டியதில்லை, அதனால் உப்புக்காற்றில் இந்தத் தகரம் தாங்குமா என்று என்னைக் கேட்டுப் பயனில்லை.

தினமும் நெரிசலான ஸ்டாண்டில் விடுகிறவர்களுக்கும், வழியில் தாங்களே செயின் மாட்ட வேண்டிய பள்ளிப் பிள்ளைகளுக்கும் அரைக் கவரே சொல்வேன். வீட்டுக்குள் வண்டியை நிறுத்துகிறவர், மாதம் ஒருமுறை ஸ்பானரைத் தொடத் தயங்காதவர் என்றால் முழுக் கவரைக் கழற்ற வேண்டாம். வாங்கும்போது பின்முனைத் துண்டு தனியாகக் கழல்கிறதா என்று மட்டும் கடையிலேயே கழற்றிப் பாருங்கள். அந்த ஸ்க்ரூவில் கொஞ்சம் கிரீஸ் தடவச் சொல்லுங்கள்.