ஆறு வருடமாகக் கழன்று விழும் என் யுனிவர்சல் அடாப்டர்

மாடி வீட்டு அக்கா, மகள் பிரசவத்துக்காக நியூ ஜெர்சி போகிறார். "தம்பி, நீ வெளிநாடு போறப்போ ஒரு வெள்ளை டப்பா எடுத்துட்டுப் போவியே, அது நல்லா இருக்கா?" என்று கேட்டார். சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.

அது எந்த நாட்டுச் சாக்கெட்டுக்கும் பொருந்தும் என்று விற்கும் யுனிவர்சல் அடாப்டர். 2019இல் விமான நிலையக் கடையில், கடைசி நேர அவசரத்தில் 1,900 ரூபாய் கொடுத்து வாங்கியது. இன்று அதே மாதிரி டப்பா 800 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அந்த வயிற்றெரிச்சலையும் கணக்கில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

லண்டனிலும் சிங்கப்பூரிலும் குறையே இல்லை. அங்கே 13 ஆம்பியர் சாக்கெட். மூன்று தடித்த கால்களும் உள்ளே போனால் அறைந்த மாதிரி உட்காரும். அமெரிக்காவில்தான் வம்பு. அங்கே இரண்டு மெல்லிய தட்டைத் தகடுகள்தான் பிடிமானம். அதில் இந்தக் கனத்த டப்பா, அதன் முதுகில் நம் ஊர் மூன்று பின் லேப்டாப் பிளக், அதன் வயர். பழைய ஓட்டல்களில் சாக்கெட்டும் தளர்ந்திருக்கும். மாட்டும்போது நிற்கும். மெல்லத் தலை குனியும். நடுராத்திரியில் டொக்கென்று ஒரு சத்தம். காலையில் போனில் 4 சதவீதம், லேப்டாப் மூச்சே இல்லை. சூட்கேஸை முட்டுக் கொடுத்தேன், தலையணையை அடுக்கினேன், ஒருமுறை நாற்காலிக் காலில் கயிறு போட்டுக் கட்டினேன். விழுந்தது.

ஜெர்மனியில் வேறு கதை. அங்கே சாக்கெட் வட்டமான குழிக்குள் இருக்கும். சதுர டப்பா விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கிறது, பின் உள்ளே எட்டவில்லை.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். சிங்கப்பூரில் 2000 வாட் கெட்டிலை இதில் மாட்டியது என் முட்டாள்தனம். டப்பாவில் 6 ஆம்பியர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஃபியூஸ் போனது, வேறொன்றும் ஆகவில்லை. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் குட்டி ஃபியூஸ் வாங்கிப் போட்டதும் மறுபடி உயிர் வந்துவிட்டது. அப்போது திறந்து பார்த்ததில்தான் தெரிந்தது: மின்கசிவு வந்தால் நம்மைக் காக்கும் எர்த் இணைப்பே கிடையாது. மூன்றாவது கால் வெறும் பிளாஸ்டிக், சாக்கெட்டின் மூடியைத் திறக்க மட்டும். லேப்டாப்பின் உலோக உடம்பைத் தொட்டால் ஏன் சுர்ரென்று இருந்தது என்பதும் அன்றுதான் புரிந்தது. இரும்பு உடம்புள்ள கெட்டிலை இதில் போட்டிருக்கிறேனே என்று வயிறு கலங்கியது.

அக்காவின் அடுத்த கேள்வி மிக்ஸி. நம் ஊரில் 230 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட். அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜைத் தொடாது. நம் 750 வாட் மிக்ஸி அங்கே முனகும், தேங்காய் அரையாது. கைக்கு அடக்கமாக விற்கும் மலிவு கன்வர்ட்டர்கள் பெரும்பாலும் 230ஐ 110 ஆக இறக்குபவை. அக்காவுக்கு வேண்டியதோ ஏற்றுவது. அதற்கு ஸ்டெப் அப் டிரான்ஸ்பார்மர் வேண்டும். மிக்ஸி தாங்கும் அளவில் வாங்கினால் பல கிலோ இரும்பும் செம்பும். அந்த எடைக்கு ஊறுகாயும் பருப்புப் பொடியும் கொண்டுபோகலாம். அமெரிக்காவுக்கென்றே 110 வோல்ட் மிக்ஸி சென்னையில் கிடைக்கிறது, அதை வாங்கச் சொல்லிவிட்டேன். போன், லேப்டாப் சார்ஜர்களில் 100-240 என்று அச்சிட்டிருந்தால் அவற்றுக்கு வோல்டேஜ் கவலையே இல்லை.

அப்புறம் டப்பா? வாங்காதீர்கள் என்றேன். ரிச்சி தெருவில் 60 ரூபாய்க்கு ஒரு சின்ன அமெரிக்கன் பின் அடாப்டர் கிடைக்கிறது, கட்டைவிரல் அளவு. போன அக்டோபரில் மூன்று வாரம் அதுதான் என் போனைச் சுமந்தது, ஒருநாள்கூட விழவில்லை. நாலு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த மாதம் நான் லண்டன் போகிறேன். டப்பா இப்போதே பைக்குள் போயாகிவிட்டது.