30 நாள் ரிட்டர்ன் என்று போட்டிருந்தார்கள், செலவு யாருடையது என்று போடவில்லை

ஆன்லைனில் பெரிய பொருள், கனமான பொருள் எதையாவது வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். "30 நாள் சுலப ரிட்டர்ன்" என்ற ஒரே வரியை நம்பி நான் ஒரு நாற்காலி வாங்கினேன். கொடுத்த விலையில் 70 சதவீதம் போனது போனதுதான். நாற்காலியும் உட்கார லாயக்கில்லை.

எனக்கு வீட்டிலிருந்தே வேலை. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், சில நாள் பத்து மணி நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும். இடுப்புக்கு மேலே ஒரு வலி வந்து மாதக்கணக்கில் விடவில்லை. நல்ல நாற்காலி வாங்கினால் குறையும் என்று இரண்டு வாரம் தேடினேன். கடைசியில் இரண்டு நாற்காலிகள் மிஞ்சின. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். ஒன்றில் "இலவச ரிட்டர்ன், நாங்களே வந்து எடுத்துக்கொள்வோம்" என்று இருந்தது. இன்னொன்றில் "30 நாள் சுலப ரிட்டர்ன்" என்று இருந்தது, விலையும் பத்தில் ஒரு பங்கு குறைவு. ரெண்டும் ஒன்றுதானே, எதற்கு அதிகம் கொடுக்க வேண்டும் என்று குறைந்த விலைக்குப் போனேன். 'இலவசம்' என்ற சொல் அங்கே இல்லை என்பது அன்றைக்கு என் கண்ணில் படவே இல்லை.

பெட்டி வந்தது, மாட்டினேன், இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் கீபோர்டில் கை வைத்தால் தோள் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பார்த்தால் நாற்காலி இறங்கியிருக்கிறது. லீவரைத் தூக்கி மறுபடி உயர்த்திவிட்டு, மேசைக் காலில் இருக்கையின் விளிம்புக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு போட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் விளிம்பு கோட்டுக்குக் கீழே மூன்று விரற்கடை. சாயங்காலத்துக்குள் அடி வரை இறங்கிவிட்டது. இருக்கைக்குக் கீழே உயரத்தைத் தாங்கும் கேஸ் சிலிண்டர் கசிகிறது, அவ்வளவுதான் விஷயம். நான் செய்த தவறு எதுவும் அதில் இல்லை. பொருளே பழுது.

அன்றைக்கே விற்பவருக்குச் சாட்டில் எழுதினேன். பதில் உடனே வந்தது, மிகவும் மரியாதையாக வந்தது. திருகுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள் என்றார்கள். இறுக்கினேன். வீடியோ கேட்டார்கள். பென்சில் கோடு தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பினேன். வேறு கோணத்தில் கேட்டார்கள், அதையும் அனுப்பினேன். ஒன்பதாம் நாள், "புது சிலிண்டர் அனுப்புகிறோம், பத்து வேலை நாள் ஆகும்" என்றார்கள். நல்ல மனிதர்கள் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். 24ஆம் நாள் கேட்டபோது கிடங்கிலிருந்து கிளம்பிவிட்டது, இன்னும் இரண்டு நாள் பொறுங்கள் என்றார்கள். சிலிண்டர் இன்றுவரை வரவில்லை.

27ஆம் நாள் ரிட்டர்ன் கேட்டேன். எனக்குச் சரியான அடி விழுந்தது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரிட்டர்ன் படிவத்தில் காரணம் தேர்ந்தெடுக்க வேண்டும். 'பழுதாக வந்தது' என்று ஒன்று, 'விவரித்தபடி இல்லை' என்று ஒன்று, 'வேண்டாம் என்று மனம் மாறிவிட்டேன்' என்று ஒன்று. நான் முதலாவதைத் தொடப் போகும்போது சாட்டில் இருந்தவர், "பழுது என்று போட்டால் பரிசோதனைக் குழுவுக்குப் போகும், மூன்று வாரம் ஆகும். மனம் மாறிவிட்டது என்று போடுங்கள், உடனே அப்ரூவ் செய்கிறேன்" என்றார். முப்பது நாள் முடிய மூன்று நாள்தான் இருந்தது. அவர் சொன்னபடியே போட்டேன். ஐந்தே நிமிடத்தில் 'ரிட்டர்ன் ஏற்கப்பட்டது' என்று மெயில் வந்தது. அப்பாடா என்று இருந்தது.

மெயிலைக் கீழே வரை படித்தபோதுதான் தெரிந்தது. அனுப்ப வேண்டிய முகவரி வேறொரு நாட்டில். டிராக்கிங் உள்ள கூரியரில், ஒரிஜினல் பெட்டியில், என் செலவில் அனுப்ப வேண்டும். காரணம் 'மனம் மாறியது' என்பதால் அந்தச் செலவு திரும்பக் கிடைக்காது. பணமும் பொருள் போய்ச் சேர்ந்து அவர்கள் பார்த்த பிறகுதான்.

கதவுக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த அட்டைப் பெட்டியை விரித்து டேப்பால் அளந்தேன். 66 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 34 உயரம். நாற்காலியோடு சேர்த்து எடை 15 கிலோதான். ஆனால் கூரியரில் பெரிய பெட்டிக்குத் தராசு எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, சர்வதேசப் பார்சலுக்குப் பெரும்பாலும் 5000ஆல் வகுப்பார்கள். வால்யூமெட்ரிக் எடை என்பது இதுதான். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். என் பெட்டிக்குக் கிட்டத்தட்ட 27 கிலோ வந்தது. கூரியர் சொன்ன தொகை நாற்காலி விலையில் ஐந்தில் நான்கு பங்கு. கட்டி அனுப்பினால் மிஞ்சுவது ஒரு பங்கு, அதுவும் அவர்கள் குறை எதுவும் சொல்லாமல் எடுத்துக்கொண்டால்.

இதைச் சாட்டில் சொன்னேன். அவர்கள் காத்திருந்ததே இதற்குத்தான் என்று இப்போது புரிகிறது. "உங்கள் சிரமம் புரிகிறது. பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், 15 சதவீதம் தருகிறோம்" என்றார்கள். மறுத்தேன். மறுநாள் 20. முப்பதாவது நாள் இரவு 30 சதவீதம், இதுவே கடைசி என்றார்கள். எதுவும் கிடைக்காமல் போவதற்கு இதாவது கிடைக்கட்டும் என்று 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானை அழுத்தினேன்.

அழுத்திய மறு நொடி என் புகார் 'இரு தரப்பும் சம்மதித்துத் தீர்க்கப்பட்டது' என்று மாறிவிட்டது. நான் வாங்கிய தளத்தின் உதவி மையத்தில் கேட்டேன், மூடிய புகாரைத் திறக்க முடியாது என்றார்கள். கார்டு கொடுத்த வங்கியில் முறையிட்டேன். அவர்கள் விற்பவரிடம் விளக்கம் கேட்டார்கள். விற்பவர் இரண்டே காகிதம் கொடுத்தார். ஒன்று, மனம் மாறிவிட்டது என்று நான் போட்ட படிவம். இன்னொன்று, 30 சதவீதத்துக்கு நான் கொடுத்த சம்மதம். வங்கி என் கோரிக்கையைத் தள்ளிவிட்டது. பென்சில் கோட்டு வீடியோவை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நடந்ததற்கெல்லாம் அப்புறம்தான் சட்டங்களைத் தேடிப் படித்தேன். இதைப் படிப்பவர்கள் எந்தெந்த நாட்டிலோ இருப்பீர்கள், அதனால் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கிய பெரும்பாலான பொருள்களை 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பிவிடலாம். 2011ல் போட்ட நுகர்வோர் உரிமை விதி 2014 ஜூனிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அதிலும் அனுப்பும் செலவு வாங்கியவருடையதுதான், விற்பவர் தானே ஏற்பதாகச் சொல்லியிருந்தாலோ, செலவு உங்களுடையது என்பதை முன்பே சொல்லத் தவறியிருந்தாலோ ஒழிய. சாதாரணத் தபாலில் அனுப்ப முடியாத பெரிய பொருள் என்றால் எவ்வளவு செலவாகும் என்பதையும் விற்கும் முன்பே சொல்ல வேண்டும். சீனாவில் 2014லிருந்து ஏழு நாள் உரிமை இருக்கிறது, அங்கேயும் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் செலவு வாங்கியவர் தலையில். அமெரிக்காவில் மனம் மாறினால் திருப்பலாம் என்று நாடு முழுவதற்குமான சட்டமே ஆன்லைன் வாங்கலுக்கு இல்லை, கடையின் கொள்கைதான் எல்லாம். இந்தியாவில் 2020ல் வந்த மின்வணிக விதிகள், பழுதான பொருளையும் விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையும் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன. திருப்பி அனுப்பும் செலவு பற்றிய விவரத்தையும் காட்டச் சொல்கின்றன.

இவற்றைப் படித்தபோது எனக்கு உறைத்தது ஒன்றுதான். 'பழுது' என்பதும் 'மனம் மாறியது' என்பதும் படிவத்தில் அடுத்தடுத்த இரண்டு வரிகள். ஆனால் செலவு யாருடையது என்பதே அந்த இடத்தில் மாறிவிடுகிறது. பழுது என்றால் பெரும்பாலான இடங்களில் நியாயம் உங்கள் பக்கம். மனம் மாறியது என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த நியாயத்தை நீங்களே கைகழுவிவிட்டீர்கள். யார் எவ்வளவு இனிக்க இனிக்கச் சொன்னாலும் உண்மையான காரணத்தை மட்டும் போடுங்கள். மூன்று வாரம் ஆனால் ஆகட்டும்.

இலவச ரிட்டர்ன் வாங்குபவர்களுக்கு உண்மையில் முக்கியமா, வெறும் விளம்பரமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பவர், மாக்ஸ்ஹாம் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2012ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பொருளைத் திருப்பியவர்கள் அதன் பிறகு அதே கடையில் எவ்வளவு வாங்கினார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். அனுப்பும் செலவைத் தாங்களே கட்டியவர்களின் வாங்கல், இரண்டு ஆண்டு முடிவதற்குள் 75 முதல் 100 சதவீதம் வரை குறைந்திருந்தது. இலவசமாகத் திருப்பியவர்கள் முன்பைவிட அதிகமாக வாங்கினார்கள். எனக்கு இது ஆச்சரியமாகவே இல்லை. நானும் அந்தக் கடையில் வாங்குவதை நூறு சதவீதம் நிறுத்தியவன்தான்.

எல்லாவற்றுக்கும் இது வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு புத்தகம், ஒரு சார்ஜர் கேபிள், ஏற்கெனவே பயன்படுத்தித் தெரிந்த பொருள் என்றால் நான் ரிட்டர்ன் வரியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இலவசம் என்றால் அந்தச் செலவு விலைக்குள் எங்கேயோ ஏற்றப்பட்டிருக்கும் என்பதும் தெரியும். ஒரு தடவை உடுத்திவிட்டுத் திருப்புகிறவர்களும், மூன்று சைஸ் வாங்கி இரண்டைத் திருப்புகிறவர்களும் இருப்பதால் கடைகளுக்கு நஷ்டம் என்பதும் உண்மைதான். 2022ல் ஆடை விற்கும் ஸாரா நிறுவனமே பிரிட்டனில் தபால் வழி ரிட்டர்னுக்குக் கட்டணம் வாங்க ஆரம்பித்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன், கட்டணம் இவ்வளவு என்று முன்னாலேயே சொல்கிறார்கள். எனக்கு ஆத்திரம், சொல்லாமல் மறைப்பவர்கள் மேல்தான். உடம்பில் பட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்ற பொருளுக்கு, அதாவது நாற்காலி, மெத்தை, செருப்பு மாதிரியானவற்றுக்கு, திருப்பும் செலவும் விலையின் ஒரு பகுதிதான். நான் மிச்சம் பிடித்த பத்தில் ஒரு பங்கு எனக்குப் பத்தில் ஏழு பங்கைப் பறித்துக்கொண்டது.

'இலவசம்' என்று போட்டிருந்தாலும் உள்ளே போய்ப் படியுங்கள். பணத்துக்குப் பதில் அந்தக் கடையிலேயே செலவழிக்கும் கூப்பன் தருகிறவர்கள் உண்டு. மறுபடி அடுக்கி வைக்கும் கட்டணம் என்று ஒரு தொகையைக் கழிப்பவர்கள் உண்டு. பெரிய தளத்தில் வாங்கினாலும் விற்பவர் வேறு யாரோவாக இருக்கலாம், ரிட்டர்ன் முகவரி அவருடையதாக இருக்கும். பணம் கட்டும் அன்றைக்கே அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நான் பிறகு போய்ப் பார்த்தபோது 'சுலப' என்ற சொல்லையே எடுத்துவிட்டிருந்தார்கள். என்னிடம் ஆதாரம் இல்லை.

கார்டில் கட்டியவர்களுக்கு இன்னொன்று. சொன்னபடி இல்லாத பொருளுக்கு வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்க, விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பொதுவாக 120 நாள் வரை அவகாசம் உண்டு, சில வங்கிகள் அதற்கு முன்பே கேட்கச் சொல்வார்கள். அதாவது விற்பவரின் 30 நாள் முடிந்ததும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. அன்றிரவு எனக்கு இது தெரிந்திருந்தால் அந்தப் பொத்தானை அழுத்தியிருக்க மாட்டேன். பொருளைத் திருப்பினேன், அல்லது திருப்ப முயன்றேன் என்பதற்கு எழுத்தில் ஏதாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான். போனில் பேசியது எதற்கும் உதவாது.

இப்போது உங்களில் யாராவது ஒரு பழுதான பொருளை வைத்துக்கொண்டு, சாட்டில் "இன்னும் இரண்டு நாள் பொறுங்கள்" என்ற பதிலோடு காத்துக்கொண்டிருந்தால், அந்தச் சாட்டை அப்படியே விட்டுவிட்டு ஆர்டர் பக்கத்தைத் திறந்து ரிட்டர்னுக்குக் கடைசித் தேதி என்ன என்று பாருங்கள். தேதி தாண்டவில்லை என்றால் 'பழுதாக வந்தது' என்று போட்டு இன்றைக்கே புகாரைப் பதிந்துவிடுங்கள்.