நூறு சதவீத ஃப்ளூரோகார்பன் என்று நைலானைத் தலையில் கட்டுகிறார்கள்: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பாஸ் மீன் பிடிக்கிறவர்கள் கவனம்

3,400 ராண்ட். எட்டு ஸ்பூல் (லைன் சுற்றிய உருளை), ஒன்று 425 வீதம். கிராங்க்பெய்ட், அதாவது மூக்கில் தகடு வைத்த, இழுத்தால் முங்குகிற செயற்கை மீன், அதைப் போடுவதற்கென்றே நாலு பேர் சேர்ந்து ஆர்டர் செய்த தூண்டில் லைன். 12 பவுண்ட் இழுவை தாங்கும், 0.28 மில்லிமீட்டர் தடிமன், நூறு சதவீத ஃப்ளூரோகார்பன் என்று எழுதித்தான் விற்றார்கள். வந்து சேர்ந்தது நைலான். கடைப் பெயர் இங்கே வேண்டாம். யார் வேண்டுமானாலும் கடை விரிக்கக்கூடிய ஆன்லைன் சந்தை ஒன்றில் தூண்டில் சாமான் விற்கிற ஆள், அவ்வளவு போதும்.

நைலான் என்றால் என்ன, மீன் மாட்டாதா என்று கேட்பீர்கள். மாட்டும். ஆனால் ஆழம் போகிற கிராங்க்பெய்ட்டுக்கு லைன்தான் பாதி லூர் (செயற்கை இரை). லூரின் மூக்கில் இருக்கிற தகடு தண்ணீரில் மோதி அதைக் கீழே தள்ளுகிறது. தண்ணீருக்குள் கிடக்கிற லைன் முழுவதும் தண்ணீரை அறுத்துக்கொண்டு வரவேண்டியிருப்பதால் அந்த எதிர்ப்பு லூரை மேலே தூக்குகிறது. லைன் எவ்வளவு தடிமனோ அவ்வளவு தூக்கும். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் ஃப்ளூரோகார்பனின் அடர்த்தி 1.78, நைலானுக்கு 1.14 தான், இழைகளைப் பின்னிய பிரெய்ட் லைன் 0.97, அதாவது மிதக்கும். நல்ல ஃப்ளூரோ தன் எடையிலேயே இறங்குகிறது, நீட்சியும் குறைவாகத்தான் தெரியும், தண்ணீரையும் உறிஞ்சாது. நைலான் உறிஞ்சும், ஊற ஊற இளகும், முடிச்சின் பலமும் குறையும்.

குளிர் முடிந்து ஆகஸ்ட், செப்டம்பரில் இனாண்டா அணையின் பாறைக்கரையில் கிராங்க் போடுகிறவர்களுக்குத் தெரியும், தகடு பாறையில் இடித்துத் திசை மாறுகிற அந்த நொடியில்தான் பாஸ் அடிக்கும். தரையே தொடாத கிராங்க்பெய்ட்டை நாள் முழுக்க வீசினாலும் கை வலிதான் மிச்சம். இந்த லைனைச் சுற்றியதும் நடந்தது அதுதான். அதே ராட், அதே ரீல், மூன்று மீட்டர் போகிற அதே லூர். லைனை மாற்றியதும் பாறை தட்டவே இல்லை. கைக்கு வரவேண்டிய அதிர்வும் மழுங்கிப்போனது.

மைக்ரோமீட்டரில் வைத்தால் 0.34. ஜப்பான் கணக்கில் மூன்றாம் நம்பர் லைன், அதாவது 12 பவுண்ட் ஃப்ளூரோ, 0.285. இது எந்த ஊர் 12 பவுண்ட்? ஸ்பூலின் முகப்பில் தங்க நிறத்தில் “100%” என்று ஒரு ஸ்டிக்கர், ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. நகத்தால் உரித்தால் அடியில் தொழிற்சாலை அச்சு: “ஃப்ளூரோகார்பன் கோட்டட்”. நைலானுக்கு மேலே மெல்லிய பூச்சு என்று அர்த்தம். எட்டு ஸ்பூலிலும் அதே ஸ்டிக்கர். தெரியாமல் நடந்த தவறு என்று யாரும் வாதாட வராதீர்கள்.

நம்பவைத்த விதத்தைச் சொன்னால்தான் மற்றவர்களுக்குப் பிடிபடும். வாங்குமுன் சாட்டில் கேட்டது ஒரே கேள்வி: இது லீடர் லைனா (முனையில் மட்டும் கட்டுகிற துண்டு), மெயின் லைனா (ரீலில் சுற்றுவது)? இரண்டே நிமிடத்தில் பதில்: “மெயின் லைன்தான் அண்ணே. லீடர் விறைப்பா இருக்கும், பெய்ட்காஸ்டர் ரீல்ல சுருள் சுருளா எழும்பும். ஆழமான கிராங்குக்குப் பத்தே போதும், ஆனா பாறைன்னா பன்னிரண்டு எடுங்க.” ஒவ்வொரு வார்த்தையும் சரி. கூடவே ஒரு வீடியோ, லைட்டர் தீயில் லைன் சுருங்குகிறது, தீப்பற்றவில்லை. ஃப்ளூரோகார்பன் அப்படித்தான் நடந்துகொள்ளும், நைலான் எரிந்து உருகிக் குண்டுமணியாகும். வீடியோவில் இருந்தது அசல் லைன். பார்சலில் வந்தது வேறு. விஷயம் தெரியாதவன் விற்றிருந்தால்கூட மனசு ஆறும், இவனுக்கு எல்லாம் தெரியும்.

புகார் சொன்னதும் அதே ஆள் வேறு ஆள் ஆகிவிட்டான். முதலில், ரீலை விளிம்புவரை நிரப்பியிருப்பீர்கள் என்றான். பிறகு, முடிச்சை எச்சிலில் நனைக்காமல் இறுக்கியிருப்பீர்கள் என்றான். முடிச்சுக்கும் தடிமனுக்கும் என்ன சம்பந்தம்? மைக்ரோமீட்டர் படத்தை அனுப்பினால் “வெள்ளிக்கிழமை சொல்றேன்”. வெள்ளி போய்த் திங்கள், “சப்ளையரைக் கேட்கணும்”. கடைசியில், பிரித்த ஸ்பூலுக்குப் பணம் கிடையாதாம். பிரிக்காமல் லைனை அளப்பது எப்படி என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. சந்தையின் புகார்ப் பிரிவு ஒரு நம்பர் கொடுத்தது, “விற்பனையாளர் பதிலளித்துவிட்டார், புகார் முடிக்கப்பட்டது” என்று ஒரு வரி அனுப்பியது. 3,400 ராண்ட் அவன் பையில்.

இழுத்தடித்ததற்குக் காரணம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் 2002ஆம் ஆண்டு மின்னணு வர்த்தகச் சட்டப்படி, ஆன்லைனில் வாங்கிய பொருளைக் கைக்கு வந்து ஏழு நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம், அனுப்பும் செலவு மட்டும் நம்முடையது. அந்த ஏழு நாளைத்தான் “வெள்ளிக்கிழமை, திங்கட்கிழமை” என்று தின்றான். அதோடு கதை முடியவில்லை. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள், அதுவும் விற்றவன் செலவிலேயே, திருப்பி அனுப்பலாம். பணமா, மாற்றுப் பொருளா என்பதை முடிவு செய்வது வாங்கியவர். கடையாக நடத்துகிறவனிடம்தான் இந்த உரிமை செல்லும், வீட்டில் கிடந்த பழைய ரீலை விற்கிற தனி ஆளிடம் செல்லாது. 3,400 ராண்டுக்கான கடிதம் போய்விட்டது, அடுத்து நுகர்வோர் ஓம்பட் (வாங்கியவர்களின் புகாரை விசாரிக்கிற அமைப்பு).

எந்த லைன் எந்த கிராங்குக்கு என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. ஆழத்துக்கு 10 முதல் 12 பவுண்ட் அசல் ஃப்ளூரோ. கரையோரம் மரக்கிளையில் இடிக்கிற ஸ்கொயர்பில்லுக்கு (சதுரத் தகடு வைத்த, ஆழம் போகாத கிராங்க்) 15 பவுண்ட், அங்கே நைலானும் தாராளமாக ஓடும், நைலான் விலைக்கு வாங்கினால். பிரெய்ட்டை நேராகக் கட்டாதீர்கள், நீட்சி இல்லாததால் மூன்று முனை கொண்ட ட்ரெபிள் முள் மீனின் வாயைக் கிழித்துக்கொண்டு வரும்.

சோதனை ஒன்றே ஒன்று. வெறும் தண்ணீரில் போடாதீர்கள், நைலானும் அதில் முங்கும். 200 மில்லி தண்ணீரில் 75 கிராம் சமையல் உப்பு, கொஞ்சம் அடியில் கரையாமல் தங்கும்வரை கலக்குங்கள். அந்தக் கரைசலின் அடர்த்தி 1.2 அளவில் நிற்கும். லைனை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, ஒட்டிய காற்றுக்குமிழி போக விரலால் நனைத்து உள்ளே அழுத்திவிடுங்கள். அசல் நேராக அடியில் போய் உட்காரும். நைலான் மேலே வரும். பூச்சு லைன் மிதக்கும், அல்லது இறங்கலாமா வேண்டாமா என்று நடுவில் தொங்கும். எரித்துப் பார்க்க வேண்டாம், ஃப்ளூரோகார்பன் தீயில் விடுகிற புகை நச்சு.

ஸ்பூல் வந்த அன்றே இதைச் செய்யுங்கள், ரீலில் சுற்றுவதற்கு முன். ஸ்டிக்கர் இருந்தால் உரியுங்கள். பேச்சு எல்லாம் எழுத்தில் இருக்கட்டும், போனில் வேண்டாம். அந்தக் கடை இன்றைக்கும் அதே லைனை 399க்கு இறக்கி விற்கிறது, லைட்டர் வீடியோவோடு. உப்புத்தண்ணீர் வீடியோ ஒன்று கேட்டுப் பாருங்கள்.