வில்லி லோமன்: லீ ஜே. காபா, டஸ்டின் ஹாஃப்மனா?

ஆர்தர் மில்லரின் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ நாடகத்தை 1949 பிப்ரவரியில் நியூயார்க்கின் மொரோஸ்கோ அரங்கில் எலியா கசான் மேடையேற்றினார். 742 காட்சிகள் ஓடியது. அறுபதைத் தாண்டிய விற்பனைப் பிரதிநிதி வில்லி லோமனாக நடித்த லீ ஜே. காபுக்கு அப்போது வயது 37தான். வாட்டசாட்டமான உடம்பு, கனத்த குரல். அந்த ஆள் தளர்ந்து சரிவதே பெரிய மரம் சாய்வது போலிருக்கும்.

1984இல் பிராட்ஹர்ஸ்ட் அரங்கில் அதே வேடத்தில் வந்த டஸ்டின் ஹாஃப்மன் நேர் எதிர். குள்ளம், படபடப்பு, ஓயாத பேச்சு. மில்லர் முதலில் மனதில் வைத்திருந்ததும் சிறிய உருவம்தான். ஒரு காட்சியில், இன்னொரு விற்பனையாளர் தன்னை ‘இறால்’ என்று கேலி செய்ததை வில்லி மனைவியிடம் சொல்கிறான். காபின் உடல்வாகுக்காக அது ‘வால்ரஸ்’ (பருத்த கடல் விலங்கு) ஆனது. ஹாஃப்மனுக்காக மறுபடி ‘இறால்’.

என் ஓட்டு ஹாஃப்மனுக்கே. எல்லோருக்கும் தன்னைப் பிடிக்க வேண்டும் என்று தவிக்கிற மனிதனை அவரிடம்தான் முழுசாகப் பார்க்கிறேன். மூத்த மகன் பிஃப்பாக ஜான் மால்கோவிச் வேறு. அப்பா மகன் சண்டை நெஞ்சை அறுக்கும்.

மேடையமைப்பில் மட்டும் 1949ஐ மிஞ்ச ஆளில்லை. ஜோ மீல்சினர் போட்டது வெறும் எலும்புக்கூடு வீடு. நிகழ்காலத்தில் பாத்திரங்கள் கதவு வழியாக வருவார்கள்; பழைய நினைவென்றால் சுவரையே கடந்து நடப்பார்கள். 2012இல் நாடகத்தை மறுபடி மேடையேற்றிய இயக்குநர் மைக் நிக்கோல்ஸ் அதே வடிவமைப்பைத்தான் திரும்ப எடுத்தார்.

இருவர் நடிப்பும் தொலைக்காட்சிப் பதிவாக இருக்கிறது: காப் 1966, ஹாஃப்மன் 1985. முதல் முறை பார்ப்பவர்கள் 1985இல் தொடங்கலாம்.