புருவம் எடுக்கப் படிக்க ஒன்பதாயிரம் வெள்ளிக் கடனா? என் பியூட்டி வகுப்பு அனுபவம்

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லிக்கொடுத்த ஆசிரியைக்கு ஐந்துக்கு ஐந்து. காசு வாங்குகிற மேசைக்கு ஐந்துக்கு ஒன்று, அந்த ஒன்றும் ஏசி நன்றாக இருந்ததற்காக. பள்ளியின் பெயரைப் போடப் போவதில்லை, கேட்காதீர்கள். அந்த மேசையில் நான் கேட்ட கடன் பேச்சை வேறு இடங்களிலும் கேட்டிருப்பதாக வகுப்பில் பலர் சொன்னார்கள், அதனால் எங்கே சேர்ந்தாலும் இது உதவும்.

எனக்கு 42 வயது, இரண்டு பிள்ளைகள், சிங்கப்பூர்க்காரி (வெள்ளி என்றால் எங்கள் டாலர்). பத்து வருஷமாக வீட்டில்தான் இருக்கிறேன். தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கள் பிளாக்கில் பாதிப் பெண்களுக்கு வரவேற்பறையில் உட்கார்ந்து நூல் பிடித்துப் புருவம் எடுத்துவிடுவேன், காசு வாங்கியதில்லை, முறுக்கு டப்பா வாங்கியதுண்டு. நாத்தனார்தான், "அண்ணி, ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு தேக்கா பக்கம் ஏதாவது பார்லர்ல சேருங்க, கை நல்லா ஓடுது" என்று ஏற்றிவிட்டாள். சரி என்று 2025 பிப்ரவரியில் விசாரிக்கப் போனேன்.

மேசையில் இருந்தது ஒரு தமிழ்ப் பெண். வாய் நிறைய அக்கா அக்கா. "அக்கா, நாப்பது வயசு தாண்டியாச்சுல்ல, அரசாங்கம் போட்டிருக்கிற நாலாயிரம் உங்க கணக்குல சும்மா கிடக்கு, அதுலயே முடிச்சிடலாம்" என்றார். 2024 மே மாதம் நாற்பது தாண்டிய குடிமக்களுக்கு வந்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையைத்தான், அதாவது பயிற்சி வகுப்புக்கென்று அரசாங்கம் தருகிற கிரெடிட்டைத்தான் சொல்கிறார். வீட்டுக்கு வந்து சிங்பாஸ் என்ற அரசாங்க இணையக் கணக்கில் நுழைந்து பார்த்தால் பணம் இருக்கிறது, ஆனால் நான் கேட்ட பாடத்துக்கு அதைத் தொட முடியாது. அந்த நாலாயிரம் வேலை மாற்றத்துக்கு உதவும் என்று அவர்கள் தேர்ந்தெடுத்த பாடங்களுக்கு மட்டும்தான், வார இறுதியில் நடக்கிற என் சின்ன வகுப்பு அந்தப் பட்டியலில் இல்லை. 2020இல் கொடுத்த கூடுதல் 500 வெள்ளி வேறு கதை, அதைப் பெரும்பாலான பாடங்களுக்குப் போட முடிந்தது, ஆனால் அது 2025 கடைசியோடு காலாவதியாகிவிட்டது. 2016இல் முதலில் வந்த 500ஐ நான் எப்போதோ கேக் வகுப்பில் கரைத்துவிட்டேன். (கேக் இன்னும் சரியாக வராது, அதை விடுங்கள்.)

மறுநாள் போய் இதைச் சொன்னதும் பேச்சு மாறியது. "அப்படின்னா அக்கா, இந்தச் சின்ன வகுப்பெல்லாம் எதுக்கு, இன்டர்நேஷனல் டிப்ளமா எடுங்க." கட்டணம் 9,000 வெள்ளி. கையில் இல்லையென்றால் கவலை இல்லையாம், அவர்களோடு தொடர்புள்ள ஒரு நிதி நிறுவனம் இருக்கிறதாம், வட்டி வெறும் 6%, இரண்டு வருஷம், மாதம் 420 வெள்ளி, இங்கே ஒரு கையெழுத்து. பேனாவைக்கூடத் திறந்து வைத்துவிட்டார்.

நல்லவேளை கையெழுத்துப் போடாமல் படிவத்தை வீட்டுக்கு எடுத்து வந்தேன். என் கணவர் கணக்கர் ஒன்றும் இல்லை, துறைமுகத்தில் வேலை, ஆனால் கார் கடன் கட்டி அடிபட்டவர். 6% என்பது முதல் நாள் வாங்கிய முழு 9,000த்துக்கும் இரண்டு வருஷம் போடுகிற வட்டி, மொத்தம் 1,080. ஆனால் நாம்தான் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வருகிறோமே, கடைசி மாதத்தில் கடனே 420 வெள்ளிக்குள்தான் இருக்கும், அப்போதும் 9,000த்துக்கே வட்டி. அப்படிப் பார்த்தால் உண்மையான வட்டி வருஷத்துக்குச் சுமார் 11%. யாராவது உங்களிடம் "பிளாட் ரேட்" என்று சொன்னால் மனசுக்குள் ஏறக்குறைய இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள், அப்புறம் பேசுங்கள்.

அமெரிக்காவில் எல்லாரும் கடன் வாங்கித்தான் படிக்கிறார்கள் என்று அந்தப் பெண் சொன்னது மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது, ஏனென்றால் என் சித்தி மகள் கலிபோர்னியாவில் முடி வெட்டுவதும் சேர்ந்த அழகுக்கலைப் படிப்பு (காஸ்மெட்டாலஜி) படித்தாள். அவளிடம் கேட்டேன். அங்கே உரிமம் இல்லாமல் சலூனில் முடி வெட்டவோ ஃபேஷியல் செய்யவோ முடியாது, உரிமத் தேர்வு எழுத வேண்டுமென்றால் பள்ளியில் இத்தனை மணி நேரம் என்று கணக்கு உண்டு, 2022 முதல் அது 1,000 மணி நேரம். அந்தப் படிப்புக்கு எஃப்ஏஎஃப்எஸ்ஏ என்ற ஒரே அரசாங்க உதவி விண்ணப்பத்தை நிரப்பினால், வருமானம் குறைந்தவர்களுக்குப் பெல் கிராண்ட் கிடைக்கும், 2024-25 கல்வியாண்டில் அதிகபட்சம் 7,395 அமெரிக்க டாலர், திருப்பிக் கட்ட வேண்டாம். மீதிக்குத்தான் மத்திய அரசு மாணவர் கடன். அதிலும் ஒரு வகையில் படிக்கிற காலத்து வட்டியை அரசாங்கமே பார்த்துக்கொள்ளும். "முதல்ல மானியம், அப்புறம் அந்தப் படிக்கிறவரை வட்டி இல்லாத கடன், தனியார் கடன் கடைசி, அதுவும் முடிஞ்சா வேண்டாம்" என்றாள். அவளுக்கு வேறு வழியில்லை, மணி நேரம் முடித்தால்தான் கத்தரிக்கோலைத் தொட முடியும். சிங்கப்பூரில் புருவம் எடுக்கவும் ஃபேஷியல் செய்யவும் அப்படித் தனிநபர் உரிமத் தேர்வு என்று ஒன்று கிடையாது. முதலாளி கை வேலையைப் பார்த்துத்தான் எடுக்கிறார். பிறகு நான் எதற்கு 420 கட்ட வேண்டும்? கப்பலிலோ வெளிநாட்டு ஸ்பாவிலோ வேலை தேடுகிறவருக்கு சிடெஸ்கோ மாதிரி பல நாடுகளில் செல்கிற அழகுக்கலைச் சான்றிதழ் மதிப்புள்ளதுதான், இல்லையென்று சொல்லவில்லை. எனக்குத் தேக்கா போதும்.

கடைசியில் நான் எடுத்தது முதலில் கேட்ட அந்தச் சின்ன வகுப்புதான், டபிள்யூஎஸ்கியூ என்ற அரசாங்கத் தொழில்திறன் சான்றிதழுக்கானது, மூன்று மாதம், சனி ஞாயிறு. முழுக் கட்டணம் 3,000. குடிமக்களுக்குப் பாதி கழிவு, நாற்பது தாண்டியதால் எனக்கு 70% கழிவு, ஜிஎஸ்டியோடு சேர்த்து 1,035 வந்தது. அந்தக் கூடுதல் 500 வெள்ளி கிரெடிட் போக என் கையிலிருந்து 535. வகுப்பு தொடங்கும் முன்பே கிரெடிட்டுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும், முடித்த பிறகு கேட்டால் கிடைக்காது. இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு, 2017இல் ஒரு கும்பல் போலி நிறுவனங்களை வைத்து ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணத்தில் கிட்டத்தட்ட 4 கோடி வெள்ளியைச் சுருட்டியது. இன்னொன்று, 75% வருகையும் இறுதி மதிப்பீடும் இல்லையென்றால் கழிவைத் திருப்பிக் கேட்பார்கள். சின்னவனுக்குக் காய்ச்சல் வந்த வாரம் நான் பட்ட பாடு இருக்கிறதே.

கூடப் படித்த மலாய் அக்கா தொழிற்சங்க உறுப்பினர், சங்க உறுப்பினர்களுக்குப் பயிற்சிச் செலவில் உதவுகிற யூடாப் திட்டத்தில் கைக்காசில் பாதியைத் திரும்ப வாங்கிவிட்டார். எனக்கு அது தெரிந்திருந்தால் முன்பே சேர்ந்திருப்பேன். வகுப்பில் ஒரு இருபத்திரண்டு வயதுப் பெண் அப்பாவின் மத்திய சேம நிதியிலிருந்து (சிபிஎஃப்) கடன் எடுக்கலாமா என்று கேட்டாள், அந்தக் கல்விக் கடன் அங்கீகரித்த கழகங்களின் முழுநேரப் பட்டயம், பட்டப்படிப்புக்குத்தான், தனியார் பியூட்டி பள்ளிக்கு வராது.

அந்த 9,000 டிப்ளமாவில் சேர்ந்துவிட்ட ஒருத்தியையும் பார்த்தேன். பாவம், நான்காம் நாளே மனசு மாறிவிட்டாள். தனியார் கல்வி நிலையங்களின் வழக்கமான ஒப்பந்தத்தில் ஏழு வேலை நாள் அவகாசம் உண்டு, அதற்குள் எழுத்தில் கொடுத்ததால் தப்பித்தாள். பணம் வர இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள் என்பது வேறு. மேசைக்காரர் இதை எங்கள் யாரிடமும் வாயால் சொல்லவில்லை, ஒப்பந்தத்தின் உள்ளே எங்கேயோ இருந்தது.

ஆசிரியையைப் பற்றிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. முப்பது வருஷ அனுபவம், ஐபோவிலிருந்து வந்தவர், தமிழும் மலாயும் கலந்து திட்டுவார். நூலைப் பல்லில் கடித்து இழுக்கிற என் பழக்கத்தை முதல் நாளே நிறுத்தினார், சுத்தமில்லை என்று, கழுத்தில் மாட்டிக்கொண்டு இழுக்கப் பழக்கினார். நம் நிறத் தோலில் மெழுகுச் சூடு கொஞ்சம் கூடினாலும் கருமை தங்கிவிடும் என்பதை வைத்து ஒரு முழு ஞாயிறு ஓட்டினார், முதலில் அவர் மணிக்கட்டில் சோதிப்பார், அப்புறம் எங்கள் மணிக்கட்டில், அதற்குப் பிறகுதான் வாடிக்கையாளர். வயசான பாட்டிமார் மூன்று பேரை இலவச ஃபேஷியலுக்கு அழைத்து வந்தார், நாங்கள் பயிற்சி எடுத்தது அவர்கள் முகத்தில்தான், ஒருவர் தூங்கியே போய்விட்டார்.

கடைசியாக அந்தப் பெட்டி. "கிட்" என்று 180 வெள்ளிக்குக் கட்டாயமாக விற்றார்கள், கழிவும் இல்லை, கிரெடிட்டும் செல்லாது, கட்டணத் தாளில் அடியில் பொடி எழுத்தில். அதிலிருந்த மெழுகுச் சூடாக்கி இரண்டாம் மாதமே உயிரை விட்டது. மாற்றித் தரமாட்டோம் என்றார்கள். பஃபலோ ரோடு பக்கம் 35 வெள்ளிக்கு ஒன்று வாங்கினேன், வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது, பார்லரில் இன்னும் அதைத்தான் வைத்திருக்கிறேன்.