வெள்ளவத்தைப் பல் சீரமைப்பு நிலையமும் அங்குள்ள இளம் உதவியாளரும்

பிள்ளையின் பல்லுக்குக் கம்பி போட இடம் தேடும் பெற்றோர், வைத்திய நிபுணர் யார், கட்டணம் எவ்வளவு, எத்தனை மாதம் செல்லும் என்ற மூன்றையும் தவறாமல் விசாரிக்கிறார்கள். நிபுணருக்கு அருகில் நின்று வேலை செய்யும் உதவியாளர் எப்படிப்பட்டவர் என்று ஒருவரும் கேட்பதில்லை. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றிலுள்ள தனியார் பல் சீரமைப்பு நிலையத்தில் எங்கள் மகளின் சிகிச்சை நிறைவடைந்திருக்கிறது. அந்த நிலையத்தை மற்றவர்களுக்குப் பரிந்துரைக்க என்னிடமுள்ள முதற்காரணம் அங்கு வேலை செய்யும் இளம் பெண்தான்.

அவர் ஹட்டன் பக்கத்தைச் சேர்ந்தவர். உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு கொழும்புக்கு வந்து, வைத்தியரிடமே வேலை பழகியவர். தமிழும் சிங்களமும் ஒரே சரளத்துடன் பேசுகிறார். ஆங்கிலத்தில் தேவையானதைச் சொல்லிவிடுகிறார். காத்திருப்பு அறையில் சிங்களத் தாய்மார் அவரை ‘நங்கி’ என்று அழைக்கிறார்கள், வயதான முஸ்லிம் அம்மா ஒருவர் ‘மகள்’ என்கிறார், எங்கள் பிள்ளைக்கு அவர் முதல் நாளிலிருந்தே ‘அக்கா’. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை பெற்றோரிடமும் சொல்லாத தயக்கங்களை ஓர் அக்காவிடம் சொல்லிவிடும் என்பதை இந்தச் சிகிச்சைக் காலம் முழுவதும் கண்டேன். கம்பி போட்டால் பாடசாலையில் சிரிப்பார்களோ என்ற கவலையை மகள் முதலில் அவரிடம்தான் சொன்னாள். பகல் நேரப் பட்டியலில் பாதிப் பேர் அவள் வயதுக்காரர்கள்தான் என்று அவர் சொன்ன பதில் என்னுடைய எல்லா ஆறுதல்களையும்விட அவளுக்கு உதவியது.

பல் அச்சு எடுப்பது பல பிள்ளைகளுக்குக் கம்பி போடுவதைவிடப் பயமானது. கடற்பாசியிலிருந்து பெறப்படும் அல்ஜினேட் என்ற தூளைத் தண்ணீரில் குழைத்து, தட்டில் நிரப்பி வாய்க்குள் வைத்து, அது இறுகும்வரை அசையாமல் இருக்க வேண்டும். மேல் அச்சு எடுக்கும்போது அண்ணத்தின் பின்புறத்தில் பட்டால் ஓங்காளம் வரும். இந்தப் பெண் நாற்காலியை நிமிர்த்தி, தலையைச் சற்று முன்னால் சாய்க்கச் சொல்லி, மூக்கால் மூச்சு விடும் முறையைத் தட்டை வாய்க்குள் வைப்பதற்கு முன்பே பழக்கிவிட்டார். கலவையில் ஒரு சிறு துண்டைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து, அது விரல்களுக்கிடையில் இறுகுவதை உணரச் செய்தார். வாய்க்குள் என்ன நடக்கிறது என்பது தெரிந்துவிட்டதால் மகள் அமைதியாக இருந்தாள்.

உதவியாளரின் திறமை சிகிச்சையின் தரத்தையே மாற்றும் என்பது, கம்பியைத் தாங்குவதற்காகப் பல்லில் ஒட்டும் சிறு துண்டான பிராக்கெட்டை ஒட்டும் நாளில் புரிந்தது. பல்லின் மேற்பரப்பில் பொஸ்போரிக் அமிலப் பசையைச் சிறிது நேரம் பூசி, கழுவி, உலர்த்தினால் எனாமல் சுண்ணாம்பு பூசியதைப் போல் வெளிறித் தெரியும். அதன்மேல் ஒட்டுப்பொருளை வைத்து நீல ஒளியால் இறுக்குகிறார்கள். கழுவி உலர்த்தியதற்கும் ஒட்டுவதற்கும் இடையில் உமிழ்நீர் பட்டுவிட்டால் பிடிப்பு குறைந்துவிடும். சில வாரங்களில் பிராக்கெட் கழன்று வரும், மீண்டும் ஒட்ட வேண்டும், சிகிச்சை நீளும். வைத்தியரின் இரண்டு கைகளும் பிராக்கெட்டைச் சரியான இடத்தில் வைப்பதிலேயே இருக்கும்போது, உமிழ்நீரை உறிஞ்சும் குழாயும், கன்னத்தை ஒதுக்கிப் பிடிப்பதும், அடுத்த கருவியைக் கேட்காமலே நீட்டுவதும் உதவியாளரின் பொறுப்பு. அந்த நீண்ட அமர்வில் வைத்தியர் அவரிடம் அதிகம் பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் ஏற்படவில்லை. கருவிகளைக் கிருமிநீக்கிய உறையை அவர் நோயாளிக்கு முன்னால்தான் கிழிக்கிறார். உறையிலுள்ள அடையாளத்தின் நிறம் மாறியிருப்பதைக் காட்டி, நீராவி அழுத்தக் கலத்தில் 134 பாகை செல்சியஸ் வெப்பத்தைக் கடந்து வந்ததற்கான அறிகுறி அது என்று விளக்கியும் சொல்கிறார். எல்லா இடங்களிலும் இந்த வழக்கம் இருந்தால் நல்லது.

ஆயினும் அவருடைய உண்மையான பங்களிப்பு நாற்காலிக்கு வெளியில் இருக்கிறது. கம்பி போட்ட பிள்ளையை வைத்தியர் நான்கு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறைதான் பார்க்கிறார். மிகுதி நாட்கள் எல்லாம் வீட்டுக்குரியவை. கடினமான உணவைத் தவிர்க்க வேண்டும் என்று பொதுவாக எல்லோரும் சொல்வார்கள். இவர் எங்கள் வீட்டில் எவையெல்லாம் சாப்பிடுவோம் என்று முதலில் கேட்டார். பிறகு முறுக்கு, கச்சான், கரும்பு, பொரித்த மரவள்ளி, சோளத்தைக் கடித்துச் சாப்பிடுவது ஆகியவற்றை ஒன்றொன்றாகக் குறிப்பிட்டு விலக்கி, இடியப்பம், புட்டு, சொதி, நன்றாக அவித்த பருப்பு, சிறு துண்டுகளாக வெட்டிய மாம்பழம் ஆகியவற்றை அனுமதித்தார். கம்பியை இறுக்கிய முதல் சில நாட்களில் பல் மெல்ல இயலாதபடி வலிக்கும் என்பதையும், பல்லின் வேரைச் சூழ்ந்த எலும்பு ஒரு பக்கத்தில் கரைந்து மறு பக்கத்தில் புதிதாக உருவாவதால்தான் பல் நகர்கிறது என்பதையும் பிள்ளைக்கு விளங்கும் மொழியில் சொன்னார். காரணம் தெரிந்த வலியைப் பிள்ளைகள் பொறுத்துக்கொள்கிறார்கள்.

மஞ்சள் விடயத்தில் அவர் சொன்ன ஆலோசனையைத் தமிழ் வீடுகள் எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பியைப் பிராக்கெட்டோடு பிணைக்கும் சிறு இறப்பர் வளையங்களை நிறமற்றவையாகத் தேர்ந்தெடுத்தால் கம்பி வெளியில் தெரியாது என்று பலர் நினைக்கிறார்கள். நம்முடைய கறியிலுள்ள மஞ்சள் சில நாட்களிலேயே அவற்றைப் பழுப்பேறிய மஞ்சளாக்கிவிடும், அடுத்த சந்திப்புவரை அப்படியே இருக்கும். சாம்பல் நிறம் அல்லது கடும் நீலம் எடுக்கும்படி அவர் சொன்னார். மகள் நீலம் எடுத்தாள்.

பல் துலக்குவதில் அவர் விட்டுக்கொடுப்பதில்லை. பிராக்கெட்டைச் சுற்றி அழுக்குப் படிந்து கிடந்தால், கம்பியைக் கழற்றும்போது பல்லில் வெண்புள்ளிகள் எஞ்சிவிடும். அவை பெரும்பாலும் முற்றாக மறைவதில்லை. இதை வெறும் எச்சரிக்கையாகச் சொல்லாமல், அழுக்கு இருக்கும் இடங்களை இளஞ்சிவப்பாகக் காட்டும் மாத்திரையை மென்றுபார்க்கக் கொடுத்து, கண்ணாடியைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிட்டார். கம்பிக்கு அடியில் நுழையும் சிறு தூரிகையைப் பிடிக்கும் விதத்தை மகளின் கையைப் பிடித்துப் பழக்கினார். பிறகு தன் உதவியின்றி அவளையே செய்யவைத்துப் பார்த்தார். சரியாக வந்த பின்னர்தான் எங்களை அனுப்பினார்.

மேல் பல்வரிசைக்கும் கீழ் பல்வரிசைக்கும் இடையில் இறப்பர் பட்டி மாட்டும் கட்டம் எங்களுக்குச் சிரமமாக இருந்தது. அந்தப் பட்டிகள் உமிழ்நீரில் விரைவாக இழுவை இழப்பதால் நாள்தோறும் மாற்ற வேண்டும். சாப்பிடும்போதும் பல் துலக்கும்போதும் தவிர இரவும் பகலும் போட்டிருக்க வேண்டும். முன்னேற்றம் குறைவாக இருப்பதை வைத்தியர் கவனித்தார். உதவியாளர் பிள்ளையைத் திட்டவில்லை, “தங்கச்சி, எந்த நேரத்துல மறந்துபோகுது?” என்று மட்டும் கேட்டார். மாலை ரியூஷனுக்கு முன்னால் கடையில் ரோல்ஸ் சாப்பிடக் கழற்றுவதும், பிறகு வகுப்பில் கண்ணாடியில்லாமல் மாட்ட வெட்கப்படுவதும்தான் காரணம் என்று தெரிந்தது. கண்ணாடியில்லாமல் நாக்கு நுனியால் கொக்கியைத் தேடி மாட்டும் முறையை அங்கேயே அவளுக்குப் பழக்கி, ஒரு சிறு பொதியைப் பென்சில் பெட்டியில் வைக்கச் சொன்னார். அடுத்தடுத்த சந்திப்புகளில் பற்கள் நகர்ந்திருந்தன.

தன் எல்லையை அவர் அறிந்திருப்பது எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. கம்பியின் முனை கன்னத்தில் குத்துவதாக இரவில் செய்தி அனுப்பியபோது, அந்த இடத்தைத் துணியால் உலர்த்தி, மெழுகைப் பட்டாணியளவு உருட்டி அழுத்தும்படி உடனே பதில் எழுதினார். வீட்டில் கம்பியை வெட்ட வேண்டாம் என்றும் சொன்னார். வலி மாத்திரை பற்றிக் கேட்டதற்கோ, டொக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுதி, கேட்டுவிட்டே பதில் தந்தார். ஒரு பல்லைப் பிடுங்க வேண்டுமா என்று நான் துருவித் துருவிக் கேட்டபோதும் தன் கருத்தைச் சொல்லாமல் வைத்தியரிடமே என்னை அனுப்பினார்.

வைத்தியரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிதானமானவர், எக்ஸ்ரே படத்தை முன்னால் வைத்துக் காரணங்களைச் சொல்பவர், தேவையில்லாத செலவுக்குத் தள்ளாதவர். கட்டணத்தைப் பகுதி பகுதியாகச் செலுத்தலாம். வசதி குறைந்தவர்களுக்கு வோர்ட் பிளேஸிலுள்ள தேசிய பல் வைத்தியசாலை இருக்கிறது. அங்கு சிகிச்சை இலவசம், காத்திருப்போர் பட்டியல் நீளமானது என்பதால் பிள்ளையை நேரத்தோடு காட்டிப் பெயரைப் பதிவது புத்திசாலித்தனம். வெள்ளவத்தை நிலையத்தின் குறைகளையும் சொல்ல வேண்டும். குறித்த நேரத்துக்குப் போனாலும் மாலை வேளைகளில் நீண்ட நேரம் காத்திருக்க நேர்கிறது. பாடசாலை விட்டு நேராக வரும் பிள்ளைகள் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். வாகனம் நிறுத்த இடமில்லை, காலி வீதிப் பேருந்தில் வந்து இறங்கி நடப்பதே வசதி. அந்தப் பெண் விடுமுறையில் ஊருக்குப் போகும் நாட்களில் வரும் பதில் உதவியாளர் வேலையைச் சரியாகச் செய்கிறார், ஆனால் விளக்கம் சொல்வதில்லை. ஆகவே முதற்சந்திப்பைத் தீபாவளி, பொங்கல் விடுமுறைகளுக்கு அண்மையில் வைக்காதீர்கள்.

நிலைய நிர்வாகத்திடம் ஒரு கோரிக்கையும் உண்டு. அச்சிட்ட பராமரிப்புக் குறிப்புகள் அங்கு ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மட்டுமே இருக்கின்றன. தமிழ் மட்டும் தெரிந்த பாட்டிமார்களுக்காக இந்த உதவியாளர் தன் கையெழுத்தில் எழுதிய ஒரு தாளைப் பிரதியெடுத்துக் கொடுத்து வருகிறார். அதில் உணவு வகைகளும், தூரிகை பிடிக்கும் விதமும், கம்பியைக் கழற்றிய பிறகு பற்கள் இடம் மாறாமலிருக்க அணியும் ரிட்டெய்னரைச் சூடான தண்ணீரில் கழுவினால் நெளிந்துவிடும் என்ற எச்சரிக்கையும் தெளிவாக உள்ளன. வைத்தியர் அதை ஒருமுறை சரிபார்த்து, எழுதியவரின் பெயரையும் சேர்த்து முறையாக அச்சிட்டுக் கொடுக்க வேண்டும்.