பிளாஸ்மிட்டின் எண்ணிக்கைக் கணக்கு: ஆர்என்ஏ வழியா, இட்டரான் வழியா?

பாக்டீரியாவின் குரோமோசோமுக்கு வெளியே தனியாகப் பெருகும் சிறிய டிஎன்ஏதான் பிளாஸ்மிட். அது அளவுக்கு மீறிப் பெருகினால் அதைச் சுமக்கும் பாக்டீரியா தளர்ந்துபோகும். குறைந்துவிட்டாலோ, செல் பிரியும்போது ஒரு சேய்ச்செல் வெறுங்கையோடு போகும். அதனால் தன் எண்ணிக்கையைப் பிளாஸ்மிட் தானே கவனித்துக்கொள்கிறது. அதற்கு இரண்டு பெரிய வழிகள் உண்டு.

கோல்-ஈ1 என்ற பிளாஸ்மிட் குடும்பம் ஆர்என்ஏவை நம்புகிறது. ஆர்என்ஏ-2 என்ற நீண்ட இழை, பிளாஸ்மிட் இரட்டிப்பு ஆரம்பிக்கும் இடமான தொடக்கப்புள்ளியில் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொள்ளும். ஆர்என்ஏஸ்-ஹெச் நொதி அதை வெட்டியதும், அந்த முனையிலிருந்து இரட்டிப்பு தொடங்கும். அதே பகுதியிலிருந்து எதிர்த்திசையில் உருவாவது ஆர்என்ஏ-1. நீளம் சுமார் 108 எழுத்துகள்தான் (எழுத்து என்பது ஒரு நியூக்ளியோடைடு). இரண்டிலும் உள்ள வளையங்கள் முதலில் ஒன்றையொன்று லேசாகத் தொடும். பிறகு இழைகள் முழுவதும் பின்னிக்கொள்ளும். ஆர்என்ஏ-2 உருமாறி, டிஎன்ஏவைப் பிடிக்கும் திறனை இழந்துவிடும். வளையங்கள் தொடும் அந்தப் பிடியை ரோப் என்ற சின்னப் புரதம் இறுக்குகிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஆர்என்ஏ-1 சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடுவதுதான். பழைய கணக்கு தங்காததால், இப்போது எத்தனை பிளாஸ்மிட் இருக்கிறதோ அதையே அது சொல்லும். இதே வகையைச் சேர்ந்த பிபிஆர்322 என்ற ஆய்வகப் பிளாஸ்மிட்டில், ஒரு செல்லுக்குச் சுமார் 15 முதல் 20 பிரதிகள். ரோப் இல்லாத, ஆர்என்ஏ-2-இல் ஓர் எழுத்து மாறிய பியூசி பிளாஸ்மிட்டிலோ அது நூற்றுக்கணக்கில் ஏறிவிடுகிறது.

எஃப், பி1 போன்ற பிளாஸ்மிட்டுகள் வேறு மாதிரி. தொடக்கப்புள்ளியருகே இட்டரான் எனப்படும் குறுந்தொடர்கள் திரும்பத் திரும்ப வரும். பி1-இல் ஒவ்வொன்றும் 19 எழுத்து. இரட்டிப்பைத் தொடக்கிவைக்கும் ரெப் புரதங்கள் தனித்தனியாக அவற்றில் அமர்ந்தால் இரட்டிப்பு தொடங்கும். எஃப்-இல் அவை ஜோடி சேர்ந்தால் தம் மரபணுவையே அடக்கும். பிளாஸ்மிட் நெருக்கம் கூடும்போது, ஒன்றின் இட்டரானில் உள்ள ரெப் இன்னொன்றில் உள்ளதோடு கோத்துக்கொண்டு இரண்டையும் விலங்கிட்டதுபோல் நிறுத்திவிடும். இங்கே தூது போக யாரும் தேவையில்லை, பிளாஸ்மிட்டே பிளாஸ்மிட்டை எண்ணிவிடுகிறது. அழகு என்று பார்த்தால் என் ஓட்டு இதற்குத்தான்.

பிரதி அதிகமென்றால் ஆர்என்ஏ, குறைவென்றால் இட்டரான் என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆர்1 பிளாஸ்மிட் ஒரு சில பிரதிகளோடுதான் வாழ்கிறது, ஆனால் அதன் கடிவாளம் காப்-ஏ என்ற எதிர் ஆர்என்ஏவின் கையில்.

ஆய்வகத்தில் இந்த வேறுபாடு நேரடியாகவே உதவும். ஒரே கணக்குமுறையைப் பகிரும் இரண்டு கோல்-ஈ1 பிளாஸ்மிட்டுகளை ஒரே செல்லில் இட்டால், ஒன்றின் ஆர்என்ஏ-1 மற்றதையும் அடக்கும்; சில தலைமுறைகளில் ஏதாவதொன்று தொலைந்துபோகும். இரண்டும் நிலைக்க வேண்டுமென்றால், இட்டரான் வகையான பிஎஸ்சி101-ஐத் துணைக்குச் சேர்ப்பேன்.